தாய்ப்பலகை வாங்கிய கதை

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எங்கள் வாழ்க்கையின் நேரசூசியை மின்வெட்டே வகுத்துத் தந்தது. நாட்டை எழுத்துக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு எப்பொழுது இருள் என்று அட்டவணை வெளியிடுவார்கள். மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏழரை மணித்தியாலமாயிருந்த வெட்டு, மாத இறுதியில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் நான் வாடகைக்கிருந்த அறைக்கு இரவு பதினொன்றரை மணியளவில் மின்சாரம் வரும்; பெரும்பாலும் காலை எட்டரை மணிக்கு நின்றுவிடும். ஆக, தொடர்ச்சியாகக் கிடைத்தது ஒன்பது மணித்தியாலம். எனக்கு வேண்டியிருந்ததோ ஒன்பது மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும். அந்த ஐம்பது நிமிடத்தைத் தேடிப் போன கதையே இக்கட்டுரை.

இறுதியாண்டு ஆய்வுக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரை எடுத்திருந்தேன். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அந்நிலம், தனக்கு வேண்டிய நன்னீரைச் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேக்கி வைத்திருக்கிறது. உவர்நீரின் மேல் வில்லைபோல மிதக்கும் அந்நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலெழும். எந்த அளவு இறைத்தால் எந்தக் கிணறு எப்பொழுது உவராகும் என்பதைக் கணினியில் கணித்துப் பார்ப்பதே என் வேலை. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள்வாரியாக நீரையும் உப்பையும் கணக்கிட வேண்டும். ஒரு முறை ஓட்டி முடிக்க என் கணினிக்கு 590 நிமிடம் சென்றது. காலை எட்டரை மணிக்கு மின்சாரம் போகும்பொழுது, முடிவதற்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கும். ஒன்பது மணித்தியாலத்து உழைப்பு முழுவதும் அணைந்த திரையோடு போய்விடும்.

மின்சாரம் நின்றபின் ஐம்பது நிமிடம் தாங்கக்கூடிய மின்கல ஏற்பாடு என் கையிருப்புக்கு எட்டாதது. புதிய கணினி என்பது நினைக்கவும் முடியாதது. அந்த மார்ச் மாத முதல் வாரத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே நடுப்பகுதியில் 360 ரூபாவை எட்டியது. கடல் கடந்து வரும் எப்பொருளின் விலையும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இந்நிலையில் எஞ்சிய வழி ஒன்றே: இருக்கும் கணினியைக் கூடிய வேகத்தில் ஓட்டுவது. ஆங்கிலத்தில் இதனை ஓவர்குளொக்கிங் என்பர். நிலைபெற்ற தமிழ்ச்சொல் ஒன்று என் கண்ணிற் படாமையால் இக்கட்டுரையில் இதனை மிகைவேகமூட்டல் என வழங்குகிறேன்.

கணினியின் முறைவழியாக்கி, அதாவது புரொசெசர், ஒரு கடிகாரத் துடிப்பின் தாளத்துக்கு வேலை செய்கிறது. ஒரு செக்கனில் எத்தனை துடிப்பு என்பதே அதன் மீடிறன். உற்பத்தியாளர் ஒரு முறைவழியாக்கியை 3.4 கிகாஹேர்ட்ஸ் எனக் குறிப்பிட்டால், அதைவிட வேகமாக அது ஓடமாட்டாது என்பது பொருளன்று. வெப்பமான அறையிலும், மலிவான விசிறியின் கீழும், பல்லாண்டு காலம் தவறின்றி ஓடும் என்று அவர் பொறுப்பேற்கும் அளவே அது. அந்த அளவுக்கும் பொருளின் உண்மையான வலிமைக்கும் இடையில் ஒரு சேமிப்பு இருக்கிறது. மிகைவேகமூட்டுபவன் அந்தச் சேமிப்பைச் செலவழிக்கிறான். இதனை நான் அப்பொழுது 'இலவச வேகம்' என்றே எண்ணினேன்.

இது புதிய வித்தையன்று. 1984இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.ரி. கணினி 6 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. அதன் தாய்ப்பலகையிற் செருகப்பட்டிருந்த பளிங்குத் துண்டைக் கழற்றி வேறொன்றை இட்டு, அதனைச் சிலர் 8 மெகாஹேர்ட்ஸில் ஓட்டினர். பின்னர் வந்த பலகைகளில், வேகத்தைச் சோதித்து இதனைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்றை அந்நிறுவனம் சேர்த்தது. 1998இல் இன்ரெல் வெளியிட்ட செலரன் 300ஏ என்ற மலிவான முறைவழியாக்கி இத்துறையிற் பெயர்பெற்றது. 66 மெகாஹேர்ட்ஸ் பாட்டையை நான்கரையாற் பெருக்கி 300 மெகாஹேர்ட்ஸில் ஓடுவது அது. 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி கொண்ட தாய்ப்பலகையில் பாட்டையை 100 ஆக உயர்த்தினால் 450 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. அக்காலத்தின் மிக விலையுயர்ந்த முறைவழியாக்கிக்கு நிகரான வேகம் அது. ஏபிற் நிறுவனத்தின் பிஎச்6 பலகை, ஊசிகளை இடம் மாற்றும் தொல்லையின்றி, பயோஸ் திரையிலேயே இம்மாற்றத்தைச் செய்ய இடமளித்தது. இவ்வரலாற்றைப் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். வேகம் முறைவழியாக்கியினுடையதாயினும் அதற்கு அனுமதி வழங்குவது தாய்ப்பலகையே.

என் நிலையும் அதுவே. பெரியப்பாவின் மகன் புதியதொன்று வாங்கியபின், தான் பாவித்த ரைசன் 5 1600 முறைவழியாக்கியை எனக்குத் தந்திருந்தார். 2017இல் ஏ.எம்.டி. வெளியிட்ட அதில் ஆறு கருக்கள் உள்ளன. எல்லாக் கருக்களும் சேர்ந்து உழைக்கும்பொழுது 3.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும். அதன் பெருக்கெண் பூட்டப்படாதது, விரும்பியவன் மாற்றலாம். ஆனால் என்னிடமிருந்த தாய்ப்பலகை ஏ320 என்னும் சில்லுத்தொகுதியைக் கொண்டது. அத்தொகுதி முறைவழியாக்கியின் வேகத்தை மாற்ற இடந்தராது. குதிரைக்குக் கால்கட்டு இல்லை. ஆனால் இலாயத்தின் கதவு பூட்டிக் கிடந்தது.

கணக்கொன்று போட்டுப் பார்த்தேன். 590 நிமிடத்தை 540 ஆகக் குறைக்க வேண்டுமெனில் மீடிறன் 3.72 கிகாஹேர்ட்ஸைத் தாண்ட வேண்டும். இவ்வகை முறைவழியாக்கிகள் பலவும் 3.8, 3.9 வரை செல்கின்றன என்று படித்திருந்தேன். எனவே வேண்டியது பலகை ஒன்றே. மகாபொலப் புலமைப்பரிசுப் பணத்தில் மிச்சம் பிடித்தும், இரு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தும் சேர்த்த 24,000 ரூபா என்னிடம் இருந்தது.

பலகை தேடுபவன் முதலில் அறிய வேண்டியது பூட்டு எதில் உள்ளது என்பதையே. ஏ.எம்.டி.யின் அத்தலைமுறையில் ஏ320 பூட்டியது. பி350, எக்ஸ்370 ஆகிய இரண்டும் திறந்தவை. பின்னர் வந்தவற்றுள் பி450, பி550 திறந்தவை, ஏ520 பூட்டியது. இன்ரெல்லின் வழி வேறு. அங்கே பெயரின் ஈற்றில் 'கே' என்னும் எழுத்தைக் கொண்ட முறைவழியாக்கியும், 'இசட்' வரிசைப் பலகையும் ஒருங்கே வேண்டும். இரண்டுக்கும் விலை அதிகம். 2015ஆம் ஆண்டின் இறுதியில் சில பலகைகள் 'கே' இல்லாத முறைவழியாக்கிகளையும் வேகமூட்டும் வழியொன்றைத் திறந்தன. அடுத்த ஆண்டே பயோஸ் மாற்றங்களின் மூலம் அவ்வழி அடைக்கப்பட்டது. எனவே காசில்லாதவனுக்கு ஏற்றது ஏ.எம்.டி.யின் நடுத்தரப் பலகையே.

நடுத்தரம் போதுமா என்பது அடுத்த வினா. எக்ஸ் வரிசைப் பலகை வேகமூட்டலுக்கென்றே ஆனது, பி வரிசை ஏழைகளின் சமாளிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எக்ஸ் வரிசை மிகுதியாகத் தருவது இணைப்புகளை: இரண்டாவது வரைகலை அட்டைக்கு இடம், கூடிய வட்டுகளுக்குச் செருகிகள் என்பன. என் கணினியில் வட்டு ஒன்று, வரைகலை அட்டை ஒன்று. பாவிக்காத செருகிகளுக்குப் பணம் கொடுப்பது, ஒருவன் மட்டும் உறங்கும் வீட்டில் நாலு அறைக்கு வாடகை கொடுப்பதை ஒக்கும். எனவே பி வரிசை என்று தீர்மானித்தேன். இத்தீர்மானம் சரியானதே. ஆனால் பூட்டுத் திறந்திருந்தாற் போதும் என்று அவ்விடத்திலேயே நின்றுவிட்டது என் பிழை.

விளம்பரமொன்றைப் பார்த்து, பாவித்த பி350 பலகை ஒன்றை 14,000 ரூபாவுக்கு வாங்கினேன். கறுப்பு நிறம்; விளிம்பில் சிவப்பு விளக்குகள். பெருக்கெண்ணை மாற்றினேன், வோல்ற்றளவைக் கூட்டினேன், 3.8 கிகாஹேர்ட்ஸ் என்று திரையிலே தோன்றியது. அன்றிரவு கணிப்பைத் தொடங்கிவிட்டு, காலையில் முடிவு காத்திருக்கும் என்ற நிம்மதியோடு உறங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் கணிப்பு முந்தைய நாட்களைவிடப் பின்தங்கிக் கிடந்தது. மீடிறன் பாதிக்கும் கீழே விழுந்து, சற்று எழுந்து, மீண்டும் விழுந்துகொண்டிருந்தது. முறைவழியாக்கியின் வெப்பநிலையோ 70 பாகையைத் தாண்டவில்லை. குற்றவாளி வேறெங்கோ இருந்தான்.

ஆய்வுகூடத்திலிருந்து தொடாமல் அளக்கும் வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி வந்து பலகையின் ஒவ்வோரிடத்தையும் அளந்தேன். முறைவழியாக்கிக்கு இடப்புறத்தில், வரிசையாக நின்ற சிறு கருநிறச் சில்லுகளின் மேல் 112 பாகை செல்சியஸ் காட்டியது. அவற்றின்மேல் ஹீற்சிங்க் எனப்படும் அலுமினியக் கட்டி எதுவும் இல்லை, வெறுமையாய் நின்றன. வாங்கிய நாளில் அவ்விடத்தை நான் பார்க்கவேயில்லை. சிவப்பு விளக்குகளைத்தான் பார்த்தேன்.

அச்சில்லுகளின் வேலை என்ன? மின்வழங்கி பலகைக்குத் தருவது 12 வோல்ற்று. முறைவழியாக்கி உண்பதோ ஒன்றேகால், ஒன்றரை வோல்ற்றுக்கு உட்பட்டது. பன்னிரண்டை ஒன்றேகாலாக இறக்கிக் கொடுப்பது வோல்ற்றளவுச் சீராக்கி என்னும் பகுதி. திரான்சிற்றர்கள் ஒரு செக்கனுக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடுகின்றன. தூண்டற் சுருள்கள் அத்துடிப்பை மட்டப்படுத்துகின்றன. கொள்ளளவிகள் எஞ்சிய அலையை அடக்குகின்றன. வோல்ற்றளவு இறங்கும்பொழுது ஓட்டம் ஏறும் என்பதை நாம் பாடசாலையிற் படித்திருக்கிறோம். வேகமூட்டிய முறைவழியாக்கி 1.38 வோல்ற்றில் 110 வாற்று உண்டால், அதற்குள் பாயும் ஓட்டம் ஏறத்தாழ 80 அம்பியர். நம் வீட்டுச் சுவரிலுள்ள பெரிய செருகி 13 அம்பியருக்கே ஆனது. அதைப்போல் ஆறு மடங்கு ஓட்டம், நகத்தளவான சில சில்லுகளின் ஊடாகப் போகிறது. மாற்றத்தின் திறன் 88 சதவீதமென்றாலும் 15 வாற்று அங்கேயே வெப்பமாய் எஞ்சும். அது பற்றாசு பிடிக்கும் ஒரு சிறு கோலின் வெப்பம்.

இவ்விடத்தில் 'கட்டம்' என்ற சொல்லை விளக்க வேண்டும். ஒரு திரான்சிற்றர்ச் சோடியும் ஒரு சுருளும் சேர்ந்தது ஒரு கட்டம். தடையின் ஊடாக ஓடும் ஓட்டம் எழுப்பும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். ஓட்டத்தை நான்கு வழிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு வழியிலும் ஓட்டம் காற்பங்கு. ஆகவே வெப்பம் பதினாறில் ஒன்று. நான்கையும் கூட்டினாலும் முழுவதன் காற்பங்கே. சுமையைப் பகிர்ந்தால் சுமப்பவர் ஒவ்வொருவரின் களைப்பு மட்டுமன்றி, எல்லோரதும் கூட்டுக் களைப்பும் குறைகிறது. எனவே கட்டங்கள் கூடிய பலகை நல்லது. ஆனால் இங்கேயும் ஏமாற்றம் உண்டு. பெட்டியில் 'எட்டுக் கட்டம்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே நான்கு கட்டமே இருக்கும். ஒவ்வொன்றிலும் உறுப்புகள் இரட்டிப்பாக இருக்கும். அப்படி இரட்டிப்பது பயனற்றதன்று. அது எட்டுக் கட்டம் அன்று என்பதே சொல்ல வேண்டியது. சுருள்களை எண்ணுவதோடு நில்லாமல் அவற்றை ஆளும் சில்லு எத்தனை கட்டத்துக்கானது என்றும் பார்க்க வேண்டும்.

அந்தப் பலகையை விற்க வேண்டியிருந்தது. அச்சகம் ஒன்றின் உரிமையாளர் கணக்கு வேலைக்கென ஒரு கணினி அமைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒளிக்காமற் சொன்னேன்: வேகத்தைக் கூட்டினால் இப்பலகை தாங்காது, குறித்த வேகத்தில் ஓட்டினால் குறைவொன்றும் இல்லை. அவர் அதை 10,000 ரூபாவுக்கு எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னதாலும் அவசரத்தாலும் 4,000 ரூபா நட்டம். அது ஒரு மாதத்து இராச்சாப்பாட்டின் பெரும்பகுதி. ஆனால் அப்பலகை அங்கே குறையின்றி ஓடுகிறது என்று பிற்பாடு அறிந்தேன். அது கெட்ட பலகையன்று. தனக்குரிய வேலை கிடைக்காத பலகை.

இரண்டாம் முறை கொழும்புக்குப் போகுமுன் ஒரு தாளிற் குறிப்பு எழுதினேன். கட்டாயம் வேண்டியவை ஒரு பக்கம். விட்டுவிடக் கூடியவை மறுபக்கம். விளக்குகள், கம்பியில்லா இணைப்பு, இரும்புக் கவசம் பூண்ட செருகிகள், இரண்டாவது வட்டுக்கான இடம், உயர்ந்த ஒலியமைப்பு ஆகிய யாவும் விட்டுவிடக் கூடியவை. கட்டாயம் வேண்டியவற்றுள் முதலாவது திரான்சிற்றர்களின் மேல் உலோகத்தாலான, கனமான ஹீற்சிங்க். அதுவும் திருகாணியால் இறுக்கப்பட்டதாய், காற்றுப் புகும் செட்டைகளை உடையதாய் இருக்க வேண்டும். அழகுக்காக வைத்த மெல்லிய தகடு வெப்பத்தைப் போக்காது, போர்வைபோல் மூடிவிடும்.

இரண்டாவது, நான்கு கட்டத்துக்குக் குறையாத சீராக்கி. அதன் திரான்சிற்றர்களின் இலக்கத்தை வில்லையால் வாசித்து, அவை தாங்கும் ஓட்டத்தைத் தரவுத்தாளிற் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, திண்மக் கொள்ளளவிகள். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வந்த பலகைகள் பலவற்றில் திரவ மின்பகுபொருள் நிரம்பிய கொள்ளளவிகள் வீங்கி வெடித்ததை மூத்தோர் நினைவிற் கொண்டிருப்பர். வெப்பநிலை 10 பாகை உயர அத்தகைய கொள்ளளவியின் ஆயுள் பாதியாகும் என்பது துறையினர் கொள்ளும் பொது விதி.

நான்காவது, பயோஸ் திரையில் வோல்ற்றளவைச் சிறு படிகளாக மாற்றும் வசதியும், சுமை ஏறும்பொழுது வோல்ற்றளவு தொய்வதைச் சீர்செய்யும் வசதியும். ஐந்தாவது, தவறான அமைப்பால் கணினி எழும்ப மறுத்தால் பழைய நிலைக்கு மீட்கும் இலகுவான வழி. பரிசோதனை செய்பவன் தவறுவான். தவறியவனை மன்னிக்கும் பலகை வேண்டும். ஆறாவது, நினைவகத்தை 2933 மெகாஹேர்ட்ஸ் அளவிலாவது ஓட்டும் திறன். முதற் தலைமுறை ரைசனில் கருக்களை இணைக்கும் உட்பாட்டை நினைவகத்தின் தாளத்துக்கே ஓடுவதால், நினைவகம் மந்தமாயின் யாவும் மந்தமாகும்.

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிற்றி பிளாசாவில் படிப்படியாக ஏறி இறங்கினேன். பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதையும், வில்லையால் இலக்கம் வாசிப்பதையும் கண்ட கடைக்காரர் ஒருவர் சிரித்து, "தம்பி, பொம்பிளை பாக்க வந்தாலும் இவ்வளவு பாக்க மாட்டினம்" என்றார். ஆயினும் பொறுமையாக ஐந்து பலகைகளை எடுத்து வைத்தார். ஈற்றில் தெரிந்தது பாவித்த ஒரு பி450 பலகை: 2018இல் வந்த எம்.எஸ்.ஐ. டொமஹோக். முறைவழியாக்கிக்கு நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் இரட்டித்த திரான்சிற்றர்கள். அவற்றின்மேல் கையாற் தூக்கினால் கனம் தெரியும் அலுமினியக் கட்டி. முறைவழியாக்கி இல்லாமலேயே பயோஸைப் புதுப்பிக்கும் பொத்தானும் அதில் உண்டு. அதன் பயோஸ் சில்லு 16 மெகாபைற்று என்பதால், புதிய முறைவழியாக்கிகளுக்கு ஆதரவு சேர்த்தபொழுது சில வசதிகளைக் கைவிட நேர்ந்தது. 2019இல் 32 மெகாபைற்றுடன் 'மக்ஸ்' என்ற பதிப்பு வந்தது. பழைய முறைவழியாக்கியை வைத்திருந்த எனக்கு முதற்பதிப்பே போதும். அதனால் விலையும் குறைந்தது. 21,000 கேட்டவர் 19,500க்கு இறங்கினார். மீதியில் திரும்பும் பஸ் காசும் ஒரு தேநீரும் போக ஐந்நூறு ரூபாவுக்கும் குறைவு.

இம்முறை அவசரப்படவில்லை. 3.4இலிருந்து நூறு நூறு மெகாஹேர்ட்ஸாக ஏற்றினேன். ஒவ்வொரு படியிலும் பிறைம்95 என்ற சோதனை நிரலை ஓட்டி, பிழை காட்டினால் வோல்ற்றளவைச் சிறிது கூட்டி, மீண்டும் ஓட்டினேன். 3.8 கிகாஹேர்ட்ஸ் 1.28 வோல்ற்றில் நின்றது. 3.9க்கு 1.38 வோல்ற்று வேண்டியிருந்தது. அச்சில்லுகள் 80 பாகைக்குள் நின்றன. சோதனை நிரல் இரண்டு மணித்தியாலம் பிழையின்றி ஓடிற்று. 3.9இல் கணிப்பைத் தொடங்கினேன். காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, மின்சாரம் போவதற்கு முன்னரே, கணிப்பு முடிந்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லாதபோதும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள் நிலைத்தது. பழக்கத்தால், ஆய்வுகூடக் கணினியில் முன்னர் ஓட்டிய ஒரு கணிப்பை அதே தரவுகளோடு என் கணினியில் மீண்டும் ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டேன். இலக்கத்துக்கு இலக்கம் ஒத்திருக்க வேண்டியவை அவை. ஒரு பகுதியில் ஒத்திருக்கவில்லை. ஒரு கிணற்றில் குளோரைட்டு இலீற்றருக்கு 261 மில்லிகிராம் என்று ஆய்வுகூடக் கணினி சொன்னது. என் கணினி 238 என்றது. குடிநீருக்கு ஏற்ற எல்லை 250. மீண்டும் ஓட்டினேன், இம்முறை 261 வந்தது. மூன்றாம் முறையும் 261. முதல் ஓட்டத்தில் ஏதோ ஒரு கணத்தில், ஏதோ ஒரு கூட்டலிலோ பெருக்கலிலோ, முறைவழியாக்கி பிழைத்திருக்கிறது. கணினி நிற்கவில்லை; திரை நீலமாகவில்லை; எச்சரிக்கை ஒன்றுமில்லை. உவர்க் கிணறு ஒன்றை நன்னீர்க் கிணறு என்று எழுதிவிட்டு அமைதியாக இருந்தது.

என் கை நடுங்கிற்று. அந்தக் கிணறு எனக்கு ஒரு கட்டத்தின் இலக்கம். அங்கே இருப்பவர்களுக்கு அது குடிநீர். மின்சாரம் போய் விடை கிடைக்காமற் போவது ஒரு நட்டம். பிழையான விடையைச் சரியான விடை என்று கையிற் பெறுவது நட்டமன்று, ஆபத்து. வேகத்துக்காக நான் செலவழித்த சேமிப்பு எதற்காக வைக்கப்பட்டிருந்தது என்பது அன்று விளங்கிற்று. பிழை நேராதிருக்கும் பொருட்டே உற்பத்தியாளர் அவ்விடைவெளியை விட்டிருந்தார்.

கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முறைவழியாக்கி உண்ணும் வலு மீடிறனுக்கும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். இயல்பு நிலையில், 3.4 கிகாஹேர்ட்ஸில், 1.15 வோல்ற்று. 3.8இல் 1.28 வோல்ற்று என்றால் வேகம் 12 சதவீதம் கூடும். வலு 38 சதவீதம் கூடும். 3.9இல் 1.38 என்றால் வேகம் 15 சதவீதம். வலு 65 சதவீதம். கடைசி நூறு மெகாஹேர்ட்ஸ் மட்டும் எனக்குத் தந்தது வேகத்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அதற்காகக் கேட்ட வலு ஐந்தில் ஒரு பங்களவு கூடுதல். அது போதாதென்று உண்மையையும் கேட்டது. 3.8க்கு இறங்கினேன். வோல்ற்றளவை வேண்டியதற்குச் சற்று மேலாக, 1.30இல், வைத்தேன். ஒரே கணிப்பைப் பத்து முறை ஓட்டி, பத்தும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே ஆய்வைத் தொடர்ந்தேன். 590 நிமிடம் 528 நிமிடமாயிற்று. எட்டு மணித்தியாலமும் நாற்பத்தெட்டு நிமிடமும். மின்சாரம் போவதற்குப் பன்னிரண்டு நிமிடம் மிச்சம்.

இவற்றையெல்லாம் என் ஆய்வு மேற்பார்வையாளரிடம் சற்றுப் பெருமையோடு சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "நீர் ஏன் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடைநிலை விடைகளைப் பதிந்து வைக்கவில்லை? மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கலாமே." நான் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே இருபது வரி எழுதி நிரலிற் சேர்த்தேன். பலகை தேடி அலையுமுன் செய்திருக்க வேண்டிய வேலை அது. ஆயினும் பலகை வீணாகவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட கணிப்புகளை அதில் ஓட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம் மிச்சம். ஏப்ரலில் மின்வெட்டு படிப்படியாகக் குறைந்த பின்னரும் அந்த மணித்தியாலங்கள் எனக்குத் தேவைப்பட்டன.

இன்று நிலைமை ஓரளவு மாறிவிட்டது. புதிய முறைவழியாக்கிகள் வெப்பத்தையும் வலுவையும் தாமே அளந்து, இயன்ற எல்லை வரை தாமே வேகமேறுகின்றன. மனிதன் கூட்டுவதற்கு விட்டு வைப்பது சொற்பமே. பூட்டு மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. 2022இல் வந்த ஏ.எம்.5 இணைப்பிலும் ஏ620 பலகை பூட்டியது, பி650 திறந்தது. எனவே குறைந்த செலவில் இவ்வழியில் இறங்க எண்ணும் தம்பி தங்கையருக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. பூட்டில்லாத பலகைகளுள் மலிவானதைத் தேடுங்கள். அவற்றுள் சீராக்கி வலியதைத் தெரிந்தெடுங்கள். மற்ற யாவற்றையும் விட்டுவிடுங்கள். பெட்டியைப் பார்க்காதீர்கள், பலகையின் இடப்புற மேல்மூலையைப் பாருங்கள். வாங்கிய பின், எட்டக்கூடிய எல்லையிலிருந்து ஒரு படி கீழே நில்லுங்கள்.

வலியறிதலுக்கென வள்ளுவர் ஒரு தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். பள்ளிப் பருவத்தில் அது அரசருக்குரியது என்று எண்ணி மனனஞ் செய்தேன். பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாப் பலகை ஒன்று அதன் பொருளை எனக்குப் புரியவைத்தது. அந்த ஆண்டில் சேமிப்பு என்று ஒன்றும் எஞ்சாமல் வாழ்ந்தவர்கள் நாங்கள். எரிவாயு வரிசையில் நின்றவரும், மண்ணெண்ணெய்க்குக் காத்திருந்தவரும் தம் வலிமையின் கடைசிப் படியில் நின்றுதான் நாளைக் கழித்தனர். அவ்வாறு நிற்க நேர்வது வேறு. இயலும்பொழுதும் வேண்டுமென்று அங்கே போய் நிற்பது வேறு.

அந்தப் பலகை இப்பொழுதும் என் மேசையின் கீழ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தாய்ப்பலகை என்று பெயரிட்டவர் எதை எண்ணி இட்டாரோ அறியேன். எல்லோருக்கும் வேண்டியதை வேண்டிய அளவாக இறக்கிப் பகிர்ந்து கொடுத்து, சூட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பொருளுக்கு அப்பெயர் பொருந்தும். அதன் மீடிறன் 3.8 கிகாஹேர்ட்ஸ். 3.9 இயலும் என்பது அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.